வெட்டுண்ட பொற்காசுகள்

பழங்காசொன்று கையகப்பட்டவுடன் புளியிட்டுத் துலக்குதலும், தட்டானிடங் கொடுத்து உரைத்துப் பார்த்தலும் நம்மவர் பலர்க்கு வழக்கம். உரைகல் பொன்னின் மாற்றை உரைக்குமேயன்றிக் காசின் மதிப்பை உரையாது.

1898ஆம் ஆண்டிற் புதுக்கோட்டைச் சமஸ்தானத்தில் 501 உரோமப் பொற்காசுகள் ஒருங்கே கிடைத்தன. லூக்கா சுவிசேஷத்தில் நாம் வாசிக்கும் அகுஸ்து, திபேரியு முதலிய இராயர்களின் முகங்கள் அவற்றிற் பொறிக்கப்பட்டுள்ளன. பெரும்பாலானவற்றில் அம்முகத்தின் குறுக்கே உளியால் வெட்டிய தழும்பு காணப்படுகின்றது. பொன் கொள்வோனுக்கு அவ்வெட்டு ஒரு பொருட்டன்று, நிறை குறையவில்லையே! ஆராய்வோர்க்கோ அதுவே பெருஞ்செல்வம். இனி இது நாணயமாகச் செல்லாது, நிறைக்கு விற்கும் பொன்னே என்று காட்டுதற்கே அங்ஙனம் வெட்டினர் என்பது அறிஞர் சிலர் துணிபு. அக்காசுகளை அன்றே உருக்கியிருப்பின் இவ்வாராய்ச்சிக்கே இடமிராது.

மாற்றறிய வேண்டினும் காசைத் தேய்த்தல் வேண்டா. நூலிற் கட்டிக் காற்றிலும் நீரிலும் நிறுத்துப் பார்த்தாற் போதும். பசும்பொன் நீரில் தன் நிறையில் ஏறக்குறையப் பத்தொன்பதில் ஒரு பங்கை இழக்கும். வெள்ளி பத்தில் ஒரு பங்கிற்குச் சற்றே குறைவாக இழக்கும். நமது கல்லூரி இரசாயனசாலைத் தராசே இதற்கு அமையும்.

நிலத்தினின்று எடுத்த புதையலாயின் கலெக்டருக்கு அறிவித்தல் 1878ஆம் ஆண்டுச் சட்டப்படி கடமை. எக்குழியில், எக்கலத்தில், எவற்றோடு கிடந்ததென்பதை அப்பொழுதே குறித்துவைக்குமாறு மாணவ நண்பர்களை வேண்டுகின்றோம். கலம் உடைந்து காசுகள் கைம்மாறிய பின் அதனை அறிதல் அரிது.