அலை உயரம் கரைக்கு வந்த வழி

வேதாரண்யம் பக்கம் ஆறுகாட்டுத்துறையிலும் கோடியக்கரையிலும் படகில் போகிறவர்கள் காற்றைப் பார்த்தே பாதி விஷயத்தைச் சொல்லிவிடுவார்கள். வாடை எப்போது வீசும், கொண்டல் எப்போது எழும்பும் என்பதெல்லாம் அவர்களுக்குப் பாட்டன் காலத்துப் பாடம். மீதிப் பாதி இப்போது செல்போனில் வருகிறது: ‘நாளை அலை உயரம் ஒன்றரை மீட்டர்.’ இந்தச் சின்ன எண் எங்கே பிறந்து, யார் யார் கை மாறி வருகிறது தெரியுமா?

கதை தொடங்குவது நடுக்கடலில். சென்னை பள்ளிக்கரணையில் இருக்கும் தேசியக் கடல்சார் தொழில்நுட்பக் கழகம் வங்கக் கடலில் மிதவைகளை நங்கூரமிட்டு நிறுத்தியிருக்கிறது. அலையோடு மிதவை ஏறி இறங்கும். உள்ளே உள்ள கருவி அந்த ஏற்ற இறக்கத்தை அளந்து, செயற்கைக்கோள் வழியாகக் கரைக்கு அனுப்பும். ஹைதராபாத்தில் 1999-ல் தொடங்கிய ‘இன்காய்ஸ்’ என்ற கடல் தகவல் மையத்தில், காற்றின் கணிப்பைக் கணினிக்குக் கொடுத்து, அடுத்த சில நாள்களுக்கான அலையைக் கணக்கிடுகிறார்கள். கணக்கு சரியா என்று பார்க்க மிதவை அளந்த எண் உதவும்.

அந்த ‘ஒன்றரை மீட்டரில்’ ஒரு சூட்சுமம் இருக்கிறது. அது எல்லா அலைகளின் சராசரி அல்ல. வந்த அலைகளில் உயரமான மூன்றில் ஒரு பங்கை மட்டும் எடுத்துச் சராசரி பார்க்கிறார்கள். அதனால் ஒற்றை அலை ஒன்று அதைப்போல ஏறக்குறைய இரண்டு மடங்கு எழும்பவும் கூடும். ஒன்றரை என்று கேட்டுவிட்டு மூன்று மீட்டர் அலையைப் பார்த்தால் ‘கணிப்பு பொய்’ என்று சொல்லிவிடாதீர்கள்! இன்னொன்று: கோடியக்கரையில் கடற்கரை சட்டென்று மேற்கே திரும்புகிறது. முனைக்குக் கிழக்கே திறந்த வங்கக் கடல், தெற்கே ஆழம் குறைந்த பாக் நீரிணை. ஒரே நாளில் இரண்டு பக்கமும் அலை ஒன்றுபோல இருக்காது. எந்தப் பக்கத்துக்கான எண் என்று கேட்டுக்கொள்ள வேண்டும்.

எண் ஹைதராபாத்தில் இருந்தால் போதுமா? அதைக் கடற்கரைக்குக் கொண்டுவருவதுதான் பெரும்பாடு. இந்த வேலையில் இறங்கியவர்களில் ஒருவர், நம் டெல்டாவின் கும்பகோணத்தில் 1925-ல் பிறந்த எம். எஸ். சுவாமிநாதன். முதலில் விலங்கியல் படித்தார். 1943-ல் வங்கத்தில் பஞ்சம் வந்தபோது, ‘இனி விவசாயம்தான்’ என்று கோவை வேளாண் கல்லூரிக்குப் போனார். நடுவில் ஐ.பி.எஸ். வேலையும் கிடைத்தது. அதை விட்டுவிட்டு மரபியல் படிக்க நெதர்லாந்து சென்றார். உருளைக்கிழங்கு, கோதுமை, நெல் என்று வாழ்ந்த அந்த விஞ்ஞானி, எழுபது வயதைத் தாண்டிய பிறகு இணையத்தைக் கிராமத்துக்குக் கொண்டுபோகக் கிளம்பினார். எனக்கு அவருடைய கோதுமைக் கதையைவிட இதுதான் பிடித்திருக்கிறது.

நம் நாட்டில் பொதுமக்களுக்கு இணையம் கிடைத்ததே 1995 ஆகஸ்டு 15-ல்தான். அதற்கு முன் 1986-ல் தொடங்கிய ‘எர்நெட்’ திட்டத்தில் சென்னை ஐ.ஐ.டி. போன்ற சில கல்வி நிலையங்களை மட்டும் இணைத்தார்கள். அந்த வேலைக்கு வழிகாட்டியவர்களில் ஒருவர் கணினி விஞ்ஞானி ஸ்ரீனிவாசன் ரமணி.

1998-ல் சுவாமிநாதனின் ஆராய்ச்சி நிறுவனம் புதுச்சேரியை அடுத்த வில்லியனூரை மையமாக வைத்துச் சுற்றியுள்ள கிராமங்களை இணைத்தது. தொலைபேசிக் கம்பி சரியாக வேலை செய்யாத இடங்களில் வயர்லெஸ் ரேடியோ வழியாகவே தகவலை அனுப்பினார்கள். மின்வெட்டுக்குச் சூரியத் தகடு. வீராம்பட்டினம் மீனவர்களுக்காக அமெரிக்கக் கடற்படையின் இணையதளத்தில் இருந்து அலை உயரத்தை எடுத்து, தமிழில் ஒலிபெருக்கியில் வாசித்தார்கள். விண்வெளி வரை போன தொழில்நுட்பம் கடைசியில் குழாய் ஸ்பீக்கரில்தான் வந்து நின்றது!

அந்த ஸ்பீக்கரை லேசாக நினைக்க வேண்டாம். 2004 டிசம்பர் 26 அன்று, நல்லவாடு என்ற மீனவ ஊருக்குச் சிங்கப்பூரில் இருந்து ஒரு போன் வந்தது. அங்கே வேலை பார்த்த அந்த ஊர்க்காரர் தொலைக்காட்சியில் சுனாமிச் செய்தியைப் பார்த்துவிட்டு, ‘கடலோரம் நிற்காதீர்கள், ஓடுங்கள்’ என்றார். சுவாமிநாதனின் நிறுவனம் அங்கே தொடங்கியிருந்த கிராம அறிவு மையத்தின் ஒலிபெருக்கியில் உடனே அறிவித்தார்கள். 3,000-க்கும் மேற்பட்டோர் உயிர் தப்பினார்கள்.

இப்போது வேதாரண்யத்துக்குத் திரும்புவோம். 2018 நவம்பர் 16 அதிகாலையில் கஜா புயல் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரையைக் கடந்தது. எச்சரிக்கை சில நாள் முன்பே வந்துவிட்டது. புயலுக்குப் பிறகுதான் ஊரே ஊமையானது. செல்போன் கோபுரம் நின்றால் மட்டும் போதாது. அதற்கு மின்சாரம் வேண்டும்; அது இல்லையென்றால் பேட்டரி, அதுவும் தீர்ந்தால் ஜெனரேட்டருக்கு டீசல். சாலையெங்கும் மரமும் மின்கம்பமும் விழுந்து கிடக்கும்போது டீசல் எப்படி வரும்?

கடலுக்குள் சிக்கல் வேறு. கரையில் இருந்து பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் தாண்டினாலே செல்போனுக்கு சிக்னல் கிடைப்பது கஷ்டம். அதற்காக 2019-ல் ‘ஜெமினி’ என்ற சிறு பெட்டி வந்தது. அது செயற்கைக்கோளில் இருந்து எச்சரிக்கையைப் பிடித்து, புளூடூத் வழியாகப் பக்கத்தில் உள்ள செல்போனுக்குக் கொடுக்கும். ஒரு குறை: கேட்க மட்டும்தான் முடியும். ‘படகு மூழ்குகிறது’ என்று திருப்பிச் சொல்ல முடியாது. இரண்டு பக்கமும் செய்தி போகும் டிரான்ஸ்பாண்டரை இஸ்ரோ உருவாக்கியது. ஒரு லட்சம் படகுகளில் அதைப் பொருத்தும் திட்டம் 2024 ஆகஸ்டில் தொடங்கியது. பொத்தானை அழுத்தினால் ஆபத்துச் செய்தி செயற்கைக்கோளுக்குப் போகும். ஆனால் ஆடுகிற படகு, உப்புத் தண்ணீர், வெயில் எல்லாவற்றையும் அந்தப் பெட்டி வருடக்கணக்கில் தாங்க வேண்டும். உப்புக்கு அசராத பெட்டி செய்வது எவ்வளவு கஷ்டம் என்று வேதாரண்யத்துப் பிள்ளைகளுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. உப்பளத்தில் கிடக்கும் இரும்புச் சாமானைப் பார்த்தாலே தெரியும்.