பேரம் படியும், பத்திரம்?

வீட்டுச் சந்தை மந்தமானால் வாங்குபவருக்குக் கொண்டாட்டம். விற்பவர் இறங்கி வருவார். தரகர் தினமும் போன் செய்வார். ஆனால் பெங்களூரின் பொம்மனஹள்ளியில் வரிசை வீடு தேடுபவருக்கு, குறையும் விலையைவிடப் பெரிய லாபம் கிடைக்கும் அவகாசம்தான்.

காரணம், ஊரின் வரலாறு. தனி நகரசபையாக இருந்த பொம்மனஹள்ளி 2007-ல்தான் மாநகராட்சியுடன் இணைந்தது. அதற்குள் விளைநிலங்கள் பல, முறையான அனுமதியின்றியே மனைகளாகிவிட்டன. விதிப்படி அமைந்தவை 'ஏ காத்தா'வில் ஏறின, மற்றவை 'பி'யில். இரண்டுமே வரிப் பதிவுதான், உரிமைப் பத்திரமல்ல. வித்தியாசம் வங்கியில் தெரியும்: 'பி' என்றால் பல வங்கிகள் கடன் தரத் தயங்கும். நாளை நீங்கள் விற்கும்போதும் அதே சிக்கல்.

இன்னொரு ஓட்டையும் உண்டு. 2016-ம் ஆண்டின் ரியல் எஸ்டேட் சட்டப்படி, பதிவான திட்டங்களில் ஒப்பந்தத்தைப் பதிவு செய்யாமல் 10 சதவீதத்துக்கு மேல் முன்பணம் வாங்கக் கூடாது. ஆனால் 8 வீடுகளுக்கு மேற்படாத திட்டங்களுக்குப் பதிவே கட்டாயமில்லை. சந்துக்குள் எழும் நாலைந்து வரிசை வீடுகள் இப்படித் தப்பிவிடுகின்றன.

2025 ஆகஸ்டில் மெட்ரோ ரயில் பொம்மனஹள்ளிக்கு வந்துவிட்டது. தரகர் அதைத்தான் முதலில் சொல்வார். நீங்கள் முதலில் கேட்க வேண்டியவை: தாய்ப் பத்திரம், 30 ஆண்டு வில்லங்கச் சான்றிதழ், விளைநிலத்தை மனையாக மாற்றிய உத்தரவு. பழைய ஆவணங்கள் பெரும்பாலும் கன்னடத்தில் இருக்கும். படித்துச் சொல்லும் வக்கீலுக்குத் தரும் கட்டணம், பேரத்தில் மிச்சம் பிடித்ததில் ஒரு சிறு பங்குதான்.