"அப்பாவிடம் போய்ச் சொல்லு!"

தாராவி 90 அடி ரோட்டுக்குப் பின்புறம் ஒரு சாலில், எனக்குத் தெரிந்த நெல்லைக் குடும்பம் ஒன்று இருக்கிறது. பத்துக்குப் பன்னிரண்டு அடி அறை. கணவனும் மனைவியும் ஆறு மாதமாக நேருக்கு நேர் பேசுவதில்லை. ஆனாலும் வீடு நடக்கிறது! எட்டு வயது மகள்தான் தபால்காரி.

"கேஸ் தீர்ந்து போச்சுன்னு அப்பாகிட்ட சொல்லு" என்பாள் தாய். அப்பா நாலடி தள்ளித்தான் உட்கார்ந்திருப்பார். "சம்பளம் ஏழாந்தேதிதான்னு அம்மாகிட்ட சொல்லு" என்பார்.

இப்போது அந்தச் சிறுமிக்குப் பள்ளிக்கூடம் போகும் நேரத்தில் வயிற்றுவலி வருகிறது. டாக்டர் பார்த்துவிட்டு, வயிற்றில் கோளாறு எதுவும் இல்லை என்று சொல்லிவிட்டார்.

மூன்றாவது ஆள்

அமெரிக்க மனநோய் மருத்துவர் மர்ரே போவன் (1913-1990) இதை "முக்கோணம்" என்றார். இருவருக்குள் மனத்தாங்கல் முற்றினால் மூன்றாவது ஆளை உள்ளே இழுக்கிறார்கள். இழுத்ததும் சற்று ஆறுதல் கிடைக்கிறது. அதனாலேயே சண்டை தீராமல் நாள் ஓடுகிறது. சல்வடார் மினுச்சின் என்ற நிபுணர் 1974-ல் வெளியிட்ட நூலில் பிள்ளைகளின் பாட்டைச் சொல்லுகிறார்: யார் பக்கம் சேர்ந்தாலும் மற்றவருக்குப் பிள்ளை விரோதி!

யாரை இழுப்பது என்பது சுபாவத்தையும் வளர்ந்த வீட்டையும் பொறுத்தது. நம்மவர் வீடுகளில் இதற்குத் தனிக் காரணமே உண்டு. தகப்பனார் மும்பையில் வேலை. தாயார் ஊரில் தனியே. மாமியார் தொல்லை, கடன்காரன் ஏச்சு எல்லாவற்றையும் அவள் யாரிடம் சொல்லி அழுவாள்? மூத்த மகனிடம்தான். பத்து வயதிலேயே அவன் வீட்டுக்குப் பெரிய மனுஷன். பின்னால் அவனுக்கு மனைவி வருவதற்குள் அவன் காது தாயாருக்குப் பட்டா ஆகிவிடுகிறது.

இந்த வீட்டிலும் அதே கதை. இரவு ஒன்பது மணிக்கு ஊரிலிருந்து போன் வரும். மனைவியிடம் சொல்ல வேண்டிய குறையை அவர் தாயாரிடம் சொல்லுவார். மறுநாள் அது மாமியார் வாய்வழியாக மருமகளுக்கு வந்து சேரும். அவளும் சத்தம் போடுகிறவள் அல்ல. மகளைக் கட்டிக்கொண்டு சுவர் பக்கம் திரும்பிப் படுத்துவிடுவாள்.

டீக்கடையில்

நானும் நடுவில் மாட்டினவன்தான். டீக்கடையில் அவர் மனக்குறையைக் கொட்டுவார். "உங்க பக்கம்தான் நியாயம் அண்ணாச்சி" என்பேன். பாரம் இறங்கி வீட்டுக்குப் போவார். அங்கே ஒரு வார்த்தை பேசமாட்டார். மூன்றாவது ஆள் இருவரோடும் பழகிக்கொண்டு, எந்தப் பக்கமும் சாயாமல் இருக்க வேண்டும் என்பது போவன் சொன்ன வழி. (அடி உதை நடக்கும் வீட்டுக்கு இது பொருந்தாது. அங்கே தலையிட்டே ஆக வேண்டும்.)

போன மாதம், "இதை மதினிகிட்ட சொன்னீங்களா அண்ணாச்சி?" என்று மட்டும் கேட்டேன். முகம் கறுத்துவிட்டது. இரண்டு வாரம் டீக்கு வரவில்லை.

சென்ற ஞாயிற்றுக்கிழமை மகள் வழக்கம்போல் சேதி கொண்டு போனாளாம். "நானே அம்மாகிட்ட கேட்டுக்கிடுதேன், நீ விளையாடப் போ" என்று அனுப்பிவிட்டாராம். அப்புறம் ஒரு மணி நேரம் பெரும் சண்டை. பக்கத்து அறைக்கெல்லாம் கேட்டது.

சிறுமி வெளியே பாண்டி ஆடிக்கொண்டிருந்தாள்.