ஒரே பெயரில் பல தொகைகள்

நாங்கள் குடியிருக்கும் குபெர்டினோவில்தான் அப்பிள் நிறுவனத்தின் தலைமையகம் இருக்கிறது. அதன் ஆண்டறிக்கையை அமெரிக்கப் பிணையங்கள் மற்றும் பரிவர்த்தனை ஆணைக்குழுவின் எட்கார் தளத்தில் எவரும் இலவசமாகப் பெறலாம். கூடவே எக்ஸ்எம்எல் வடிவில் ஒரு கோப்பும் கிடைக்கும். அதில் ஒவ்வொரு தொகைக்கும் ஒரு பெயர் உண்டு.

பிள்ளைகளின் படிப்புக்குச் சேர்த்த காசைப் பங்கில் போடுமுன், விற்பனை வருமானத்தை மட்டும் எடுக்க பைதனில் சிறு நிரல் எழுதினோம். அதன் 'ஃபைன்ட்' கட்டளை, பெயர் பொருந்தும் முதல் தொகையோடு நின்றுவிடும். ஆனால் வருமானம் என்ற அதே பெயர் 2023க்கும் உண்டு, 2022க்கும் உண்டு. ஐபோனுக்குத் தனியாகவும் உண்டு.

அகதிப் பதிவில் பெயர் மட்டும் போதுமா? தகப்பன் பெயர், ஊர், பிறந்த திகதி எல்லாம் கேட்டார்கள் அல்லவா? இங்கும் அப்படித்தான். தொகையோடு இருக்கும் 'கொன்டெக்ஸ்ட்ரெஃப்' என்ற குறிப்பு, அது எந்தக் காலத்துக்கு, எந்தப் பிரிவுக்கு உரியது என்பதைக் காட்டும். 2023 செப்டெம்பர் 30இல் முடிந்த ஆண்டு, முழு நிறுவனம் என்று தேடினால் 383,285 மில்லியன் டொலர் வரும். முந்தைய ஆண்டுக்கு 394,328 மில்லியன்.

எனவே 'ஃபைன்ட்ஓல்' கொண்டு எல்லாவற்றையும் எடுத்து, காலத்தையும் பிரிவையும் பாருங்கள். அதன் பிறகும் வெவ்வேறு தொகைகள் வந்தால் நிரல் நிற்கட்டும். தவறான எண்ணைவிட எண் இல்லாதிருப்பது மேல்.