எலிக்கும் வலிக்கும்!

நம் கம்பம் பள்ளத்தாக்கில் எலி என்றால் நெல்வயலின் எதிரி. கிட்டி வைத்துப் பிடிப்போம். "அதுக்குப் போய் வலி மருந்தா?" என்று நானும் சிரித்தவன்தான். தேனி கால்நடை மருத்துவக் கல்லூரியில் படிக்கும் மாமா மகன், "சிரிக்காதே மாப்ளே, சட்டமே இருக்கு" என்றான்.

1960-ஆம் ஆண்டு மிருகவதைத் தடுப்புச் சட்டம், 17-ஆவது பிரிவு. சோதனைக்காக அறுவை செய்தால், முடிந்தவரை வலி தெரியாதபடி மயக்க மருந்து தர வேண்டும். சரி, மயக்கம் தெளிந்த பிறகு? அங்கேதான் சிக்கல். பாம்புக்கும் பருந்துக்கும் இரையாகிற பிராணி, வலியை வெளியே காட்டாது. முகத்தைத்தான் படிக்கணும். கனடாவின் மெக்கில் பல்கலைக்கழகத்தார் 2010-இல் சுண்டெலி முகத்துக்கு மார்க் போடும் முறையை வெளியிட்டார்கள். கண் இடுங்குவது, மூக்கும் கன்னமும் புடைப்பது, காதும் மீசையும் நிலை மாறுவது என ஒவ்வொன்றுக்கும் 0, 1 அல்லது 2. (நம் இன்டர்னல் மார்க் மாதிரி இல்லை, இங்கே கூடினால்தான் ஆபத்து!)

மெலாக்சிகாம், பியூப்ரினார்பின் போன்ற மருந்துகளைக் கத்தி வைக்கும் முன்பே போட்டுவிட்டால் வலி முற்றாது. சின்ன உடம்பு மருந்தைச் சீக்கிரம் கரைத்துவிடும். எடைக்கு எடை பார்த்தால் மனிதனைவிடப் பல மடங்கு தேவை. இன்னொன்று: பியூப்ரினார்பின் போட்ட எலி சில சமயம் கூண்டில் விரித்த மரத்தூளைத் தின்னும். எலிக்கு வாந்தி எடுக்க வராது. குமட்டினால் இப்படித்தான் கண்டதைத் தின்னும். பசி என்று நினைத்து விட்டுவிடக் கூடாது என்றான் மாமா மகன்.