அஜ்ரக் துண்டால் பிழைத்த மானாவாரிப் பருத்தி

குஜராத் மாநிலம் கட்ச் பகுதியில் ஆடு, மாடு மேய்க்கும் மால்தாரி ஆண்கள் தோளிலும் தலையிலும் போடுகிற பருத்தித் துண்டுக்கு ‘அஜ்ரக்’ என்று பெயர். கருநீலமும் செங்காவியும் நிறைந்த துணியில் நட்சத்திரம், பூ வடிவங்களை மர அச்சால் பதித்திருப்பார்கள். அதே வடிவங்கள் இன்று பெண்களுக்கான துப்பட்டாவாகவும் கழுத்துத் துண்டாகவும் நகரக் கடைகளில் விற்கின்றன. 2024-ல் கட்ச் அஜ்ரக்கிற்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது. இந்தத் துண்டுகளில் ஒரு பகுதி ‘காலா’ என்ற நாட்டுப் பருத்தியில் நெய்யப்படுகிறது. விவசாயிகள் கவனிக்க வேண்டிய செய்தி அதுதான்.

கைவிடப்பட்ட ரகம்

காலா முழுக்க மானாவாரிப் பயிர். பாசனம், ரசாயன உரம், பூச்சிமருந்து இல்லாமலே கட்ச்சின் வறட்சியையும் உப்புத் தன்மையுள்ள மண்ணையும் தாங்கி வளரும். மகசூல் குறைவு என்றாலும், மழை பொய்த்தால் கடனாளி ஆகும் அளவுக்குச் செலவும் இல்லை.

ஆனால் இதன் இழை குட்டை. அதில் பருமனான நூல்தான் வரும். நீண்ட இழைக்காக அமைக்கப்பட்ட மில்களுக்கு அது ஒத்துவரவில்லை. காயும் முழுதாக வெடிக்காது என்பதால் பஞ்சு எடுக்கக் கூலி கூடும். வாங்க ஆள் இல்லாமல் போனதால் விவசாயிகள் பி.டி. பருத்திக்கும் வேறு பயிர்களுக்கும் மாறினார்கள்.

2001 பூகம்பத்துக்குப் பின் கைவினைஞர்களுக்காகத் தொடங்கப்பட்ட ‘கமீர்’ என்ற அமைப்பு, இயற்கை விவசாயிகளின் ‘சாத்விக்’ அமைப்புடன் சேர்ந்து இந்தப் பருத்தியைக் கையில் எடுத்தது. விவசாயியிடம் பஞ்சு வாங்கி, தனியாக அரைத்து, நூலாக்கி, உள்ளூர் கைத்தறி நெசவாளர்களுக்குக் கொடுத்தார்கள். அந்தத் துணி அஜ்ரக் அச்சுக்காரர்களிடமும் போனது. மில்லுக்கு உதவாத பருமனான நூல், கைத்தறித் துண்டுக்குப் பொருத்தமாக இருந்தது.

சாயத்திலும் பயிர்கள்

அஜ்ரக்கின் மரபான சாய வேலையிலும் விளைபொருட்கள் பல உண்டு. துணியைப் பக்குவப்படுத்த ஆமணக்கு எண்ணெய், சாயம் பிடிக்கக் கடுக்காய். இரும்புத் துண்டுகளை வெல்லத்தில் ஊறவைத்துப் புளியங்கொட்டை மாவு சேர்த்தால் கருப்பு. படிகாரம் இட்ட இடத்தில் மஞ்சிட்டி வேர் சிவப்பைத் தரும். நீலத்துக்கு அவுரி. இயற்கை அவுரிச் சாயத்துக்கு நம் திண்டிவனம் வட்டாரம் பெயர் பெற்றது.

தண்ணீரும் முக்கியம். பூகம்பத்துக்குப் பின் தமட்கா கிராமத்து நிலத்தடி நீரில் இரும்புச் சத்து கூடியதால் நிறம் கெட்டது. அச்சுத் தொழில் செய்யும் கத்ரி குடும்பங்கள் பல புஜ் அருகே இடம் வாங்கி, ‘அஜ்ரக்பூர்’ என்ற புது ஊரையே உருவாக்கின.

கரிசலுக்கு என்ன பாடம்?

நம் தென்மாவட்டக் கரிசலில் விளைந்த கருங்கண்ணியும் இதே போன்ற மானாவாரி நாட்டுப் பருத்திதான். கோவில்பட்டி வேளாண் ஆராய்ச்சி நிலையம் இவ்வகையில் கே 11, கே 12 போன்ற ரகங்களைத் தந்துள்ளது. விதையும் மண்ணும் நம்மிடம் உள்ளன. வாங்கும் கைகளைத்தான் தேட வேண்டும்.

எனவே கருங்கண்ணி போட நினைப்பவர்கள், பஞ்சை யார் நூற்பார், யார் நெய்வார் என்பதை விதைக்கும் முன்பே பேசி வையுங்கள். தனி ஆளாக இறங்காமல் நாலைந்து பேர் சேர்ந்தால், ஓரளவு பஞ்சைத் திரட்டித் தனியாக அரைக்கலாம். பொது அரவையில் போட்டால் பஞ்சும் விதையும் மற்ற ரகங்களுடன் கலந்துவிடும். அடுத்த ஆண்டு விதைக்குத் திண்டாட வேண்டிவரும். முதல் ஆண்டு முழு நிலத்திலும் போடாமல், உளுந்து அல்லது பாசியை ஊடுபயிராக வைத்துச் சிறு பரப்பில் பாருங்கள். பருத்தி விலை ஏமாற்றினாலும் பயறு கைகொடுக்கும்.