தாழ்மின் கம்பித் தொழிலும் கைத் தேர்வும்

தேவிகுளத்து மலையிலே ஆனி பிறந்து பருவக்காற்று வலுத்துவிட்டால், மழை இன்ன நேரம் பெய்யும், இன்ன நேரம் ஓயும் என்று எவரும் கூறுவதில்லை. மேகம் லயங்களின் வாசற்படி வரை வந்து குந்திக்கொள்ளும். மரம் சாயும்; மின்கம்பி அறும்; அதனோடு தொலைபேசியும் ஊமையாகும். அம்மலையிற் பிறந்து இன்று பெங்களூரிலும் மும்பையிலும் வாழ்கின்ற அன்பர்களுக்கு இது நாம் சொல்லித் தெரிய வேண்டியதன்று. 2020 ஆகஸ்டு 6-ஆம் நாள் இரவு, இராஜமலையை அடுத்த பெட்டிமுடியில் மலை சரிந்து லயங்களை மூடியபோது எழுபது உயிர்கள் மாண்டன. மின்சாரமும் தொலைத்தொடர்பும் அற்றுக் கிடந்தமையால் அச்செய்தி மறுநாட் காலையில்தான் வெளியுலகை எட்டியது. தொடர்பு நன்றாயிருந்திருந்தால் அத்தனை பேரும் பிழைத்திருப்பர் என்று கூற நாம் துணியோம். ஆயினும் ஒரு செய்தி சென்று சேர்வதற்கும் சேராமற் போவதற்கும் இடையே எங்கோ ஓர் இணைப்பும், அந்த இணைப்பைச் செய்த ஒரு கையும் இருக்கின்றன. அந்தக் கையைப் பற்றியே இங்குப் பேச விரும்புகிறோம்.

முதலில் பெயரைத் தெளிவு செய்துகொள்வோம். வீட்டு விளக்குக்கு வரும் 230 வோல்ட் மின்சாரத்தையும் மின்துறையினர் தாழ்ந்த அழுத்தம் என்றே குறிப்பர். சர்வதேச வழக்கிலோ மாறுமின்னோட்டம் 1000 வோல்ட் வரை தாழ்ந்ததுதான்! 1940-இல் பள்ளிவாசல் நிலையம் இயங்கத் தொடங்கிய நாள் முதல் மின்சாரத்தின் அருமையையும் ஆபத்தையும் அறிந்த ஊரார் இதைக் கேட்டு நகைக்கக்கூடும். நாம் இங்குப் பேசும் தொழிலில் தாழ்மின் என்பது மிகத் தாழ்ந்ததாகும்: மாறுமின்னோட்டமாயின் 50 வோல்ட்டும், நேர்மின்னோட்டமாயின் 120 வோல்ட்டும் மேல் எல்லை. தொலைபேசி, கணினி வலைப்பின்னல், காவற் காமிரா, தீ அறிவிப்பு மணி ஆகியவற்றின் கம்பிகள் இவ்வகையைச் சேர்ந்தவை. தொலைபேசி நிலையத்து மின்கலம் தருவது 48 வோல்ட். தொட்டால் உயிர் போகாது என்பதனாலேயே இத்தொழிலை எளிதென்று பலர் எண்ணிவிடுகின்றனர்.

அஃது எளிதன்று. கணினிக் கேபிளின் உறையை உரித்துப் பார்த்தால் உள்ளே எட்டுக் கம்பிகள், இரண்டிரண்டாக முறுக்கப்பட்டு நான்கு இணைகளாக இருக்கும். இந்த முறுக்கு அழகுக்காக அன்று. தொலைபேசியில் இரைச்சல் தொல்லை கொடுத்த காலத்தில், 1881-இல், அலெக்சாண்டர் கிரகாம் பெல் இதற்குக் காப்புரிமை பெற்றார். முறுக்கிய இரு கம்பிகளின்மீதும் வெளியிரைச்சல் ஏறத்தாழ ஒரே அளவாக விழுகிறது. மறுமுனையிலுள்ள கருவி இரண்டுக்கும் உள்ள வேறுபாட்டை மட்டுமே எடுத்துக்கொள்வதால் இரைச்சல் தானே கழிந்துபோகிறது. ஆகையால் முனையில் ஜாக்கைப் பொருத்தும்போது முறுக்கை 13 மில்லிமீட்டருக்குமேல் பிரிக்கலாகாது என்று விதித்திருக்கிறார்கள். ஒரு விரலின் அகலங்கூட இல்லை.

இங்கேதான் தேர்வின் நுட்பம் வருகிறது. ஜாக்கின் எட்டுக் காலிகளில் முதலாவதும் இரண்டாவதும் ஓர் இணைக்கு உரியவை. நான்காவதும் ஐந்தாவதும் ஓர் இணைக்கு. ஏழாவதும் எட்டாவதும் ஓர் இணைக்கு. ஆனால் மூன்றாவதும் ஆறாவதுமே மற்றோர் இணை. புதியவர் இதனை அறியாமல் ஒவ்வோர் இணையையும் பக்கத்துப் பக்கத்துக் காலிகளில் வரிசையாக நிரப்பிவிடுகிறார். இரு முனைகளிலும் ஒரே மாதிரி செய்திருப்பதால், சோதனைக் கருவியில் ஒன்று முதல் எட்டு வரை எல்லா விளக்குகளும் வரிசையாக எரிகின்றன. அவரும் மகிழ்ச்சியோடு கணக்கை நீட்டுகிறார். மறுநாள் கணினி ஆமைபோல ஊர்கிறது, படம் உடைகிறது. காரணம், மூன்றாம் ஆறாம் கம்பிகள் தம்முள் முறுக்கப்படாதவை. வெவ்வேறு இணையிலிருந்து வந்தவை. இரைச்சல் கழிவதற்கு வழியில்லை. இப்படிப்பட்ட கம்பியொன்றை முன்கூட்டியே செய்து வைத்து, “விளக்கு எரிகிறது, வேலை நடக்கவில்லை, ஏன்?” என்று கேட்கும் தேர்வாளர் தம் தொழில் அறிந்தவர். மின்னழுத்தத்தின் இலக்கணத்தை ஒப்பிக்கச் சொல்பவர் அதை அறிந்தவரா என்பதில் நமக்கு ஐயம் உண்டு.

வாய்மொழித் தேர்வினால் நம்மவருக்கு நேரும் நட்டம் சிறிதன்று. தேயிலைத் தோட்டத்துப் பள்ளியிலே தமிழிற் படித்து, மலையாளம் பேசிப் பழகி, வெளி மாநிலத்தில் ஆங்கிலத்தில் கேள்வி கேட்கப்பெறும் ஓர் இளைஞரை எண்ணிப் பாருங்கள். ஏணியில் ஏறிப் பத்து அறைகளுக்குக் கம்பி இழுத்துவிட வல்லவர், நாற்காலியில் உட்கார்ந்து இரண்டு வாக்கியம் பேச நாத் தடுமாறித் திரும்புகிறார். நாவன்மையுள்ளவர் வேலையில் அமர்கிறார். அரைமணி நேரம் ஒதுக்கி, ஐந்து மீட்டர் கேபிளும் இரண்டு ஜாக்குகளும் கொடுத்துச் செய்யச் சொன்னால் இந்த அநீதியிற் பாதி குறையும். அப்பொழுது விடையை மட்டுமன்றிக் கையின் ஒழுக்கத்தையும் பார்க்கலாம். உறையை அறுக்கும்போது உள்ளே செம்பு கீறப்படுகிறதா? இழுக்கும் முன்பே இரு முனைகளிலும் அடையாளச் சீட்டு ஒட்டுகிறாரா, பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்கிறாரா? முடிந்தபின் துணுக்குகளைப் பொறுக்குகிறாரா?

மற்றொரு சோதனைக்குப் பேனாக்கத்தி ஒன்று போதும். சந்தையில் மலிவாக விற்கும் சில கேபிள்களில் கம்பி முழுதும் செம்பன்று. அலுமினியத்தின்மேல் செம்புப் பூச்சு. கத்தியால் சுரண்டினால் உள்ளே வெண்மை தெரியும். அது மடக்கினால் ஒடியும். கேபிள் வழியாகவே காமிராவுக்கு மின்சாரமும் அனுப்பும்போது கூடுதலாகச் சூடேறும். இரண்டு சுருள்களை மேசைமேல் வைத்து எதை வாங்குவீர் என்று கேட்பது நல்ல கேள்வி.

மலைநாட்டுக்கென்றே சில பாடங்கள் உண்டு. வெளியிலிருந்து சுவருக்குள் நுழையும் கம்பியை நேரே நுழைக்காமல், துளைக்குக் கீழே சற்றுத் தொங்கவிட்டு மேலேற்றி நுழைக்க வேண்டும். மழைநீர் அந்தத் தொங்கலில் சொட்டிவிடும், பெட்டிக்குள் இறங்காது. ஒரு கட்டடத்துக்கும் மற்றொன்றுக்கும் இடையே செம்புக்கம்பி இழுப்பது இடியை விருந்துக்கு அழைப்பதாகும். அங்கே ஒளியிழையே தக்கது. ஆலைக்குள் மோட்டாருக்குச் செல்லும் மின்கம்பியோடு ஒரே குழாயில் இவற்றைச் செலுத்தவே கூடாது.

ஒளியிழை என்றோம். கேரள அரசின் கே-ஃபோன் வலைப்பின்னல் 2023 ஜூன் 5-இல் தொடங்கப்பெற்றது; அதன் இழைகள் பெரும்பாலும் மின்வாரியத்தின் கம்பங்கள் வழியாகவே செல்கின்றன. எனவே தாழ்மின் தொழிலாளியும் உயர்மின் கம்பிக்கு அருகே ஏறத்தான் வேண்டியிருக்கிறது. எந்தக் கம்பிக்கு எவ்வளவு விலகி நிற்பது என்பதைப் பயிற்சியின் முதல் நாளே கற்பித்தாக வேண்டும். இழையின் கனம் ஒரு மில்லிமீட்டரில் எட்டில் ஒரு பங்கு. நறுக்கிய துணுக்கு தோலில் ஏறினால் கண்ணுக்கும் தெரியாது, எளிதில் வெளியேயும் வராது. அதற்கென ஒரு குப்பியை அருகில் வைத்துக்கொள்வது முறை. உள்ளே ஓடும் ஒளியும் கண்ணுக்குத் தெரியாத வகையைச் சேர்ந்தது. இருட்டாய்த்தானே இருக்கிறது என்று முனையைக் கண்ணருகே வைத்துப் பார்ப்பவர் பார்வையைப் பணயம் வைக்கிறார்.

பயில்வது எங்கே? கட்டப்பனையிலும் பாலக்காட்டை அடுத்த மலம்புழையிலும் அரசினர் தொழிற்பயிற்சி நிலையங்கள் உள்ளன. இவற்றையும் ஐ.டி.ஐ. என்பர், பாலக்காட்டில் 1976-இல் தோன்றிய இந்தியத் தொலைபேசித் தொழிற்சாலையையும் ஐ.டி.ஐ. என்பர். வழி கேட்பவர்கள் இதை நினைவில் வைப்பது நலம். 1961-ஆம் ஆண்டின் தொழில் பழகுநர் சட்டப்படி, பயிலுங் காலத்திலேயே உதவித்தொகை பெறுவதற்கும் இடமுண்டு. ஏற்கெனவே கையால் கற்றுவிட்டவர்களுக்கு வேறொரு வாயில் உண்டு. 2015-இல் தொடங்கிய பிரதம மந்திரி கௌசல் விகாஸ் திட்டத்தில், முன்னரே பெற்ற திறமையைச் சோதித்துச் சான்றளிக்கும் முறையையும் சேர்த்தார்கள். வெளியூரில் பல்லாண்டு கம்பி இழுத்தும் கையில் ஒரு தாளும் இல்லாதவர்கள், தாம் வாழும் ஊரில் அத்தகைய சோதனை எங்கே நடக்கிறது என்று பக்கத்துத் தொழிற்பயிற்சி நிலையத்தில் விசாரிக்கலாம். போகும்போது தம் சொந்தக் கிரிம்பிங் கருவியைக் கொண்டுபோவது நல்லது. பழகிய கருவியில் கை நடுங்காது.